உங்களுக்குத் தெரியுமா? காஹாங் பக்கத்துத் தோட்டத் திருவிழா

◆ ஜொகூரில் குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் 50ஆம் எண் சாலையில், வழியில் வரும் சிற்றூர் காஹாங். எண்டாவ்-ரொம்பின் காட்டுக்குப் போகிறவர்கள் அங்கே டீ குடிப்பார்கள், பெட்ரோல் போட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஊரைத் தாண்டினால் இரண்டு பக்கமும் செம்பனை. இந்தப் பக்கத்துத் தமிழர்களிடம் "உங்க ஊரு எது?" என்று கேட்டால் ஒரு தோட்டத்தின் பெயரைச் சொல்வார்கள். போய்ப் பார்த்தால் லயம் என்ற வரிசை வீடுகள் இருக்காது, பள்ளிக்கூடம் இருக்காது, மரங்களுக்கு நடுவே கோயில் மட்டும் இருக்கும். தமிழ்நாட்டில் ஊருக்குக் கோயில். இங்கே பல இடங்களில் கோயிலுக்குத்தான் ஊர், அதுவும் ஆண்டுக்கு மூன்று நாள்.

◆ இந்த ஊர்கள் எப்படி உண்டாயின? 1896இல் மலாக்காவில் டான் சே யான் ரப்பரைத் தோட்டமாகப் போட்டார். பிறகு மலாயா முழுக்க ரப்பர். ஜொகூரின் குறுக்கே ரயில் பாதை 1909இல் முடிந்தது, காடுகள் விழுந்தன, ஆட்கள் தேவைப்பட்டார்கள். கங்காணி சொந்த ஊருக்குப் போய் மாமன், மச்சான், பக்கத்துத் தெருக்காரர் என்று திரட்டிக்கொண்டு கப்பலேறினார். அதனால் ஒரு தோட்டத்து லயத்தில் ஒரே வட்டாரத்து ஆட்கள் இருப்பது சகஜம். ஆட்களோடு அவர்களுடைய சாமிகளும் வந்தார்கள்: மாரியம்மன், காளி, மதுரை வீரன், முனியாண்டி. 1938இல் இந்திய அரசு இந்த ஆள் அனுப்பும் வேலையைத் தடை செய்தது. அதற்குப் பிறகு ஊரிலிருந்து புதிதாக வந்து "எங்க பக்கம் இப்படிச் செய்யறதில்லை" என்று சொல்ல ஆள் குறைந்தது. வந்தவர்களுக்கு நினைவிருந்ததுதான் முறை.

◆ ஜொகூர் பாருவில் இருக்கும் அருள்மிகு ராஜமாரியம்மன் கோயில் 1911இல் தொடங்கியது. அரண்மனை தந்த நிலம், அதனால்தான் பெயரில் 'ராஜ'. தோட்டத்து மாரியம்மனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மரத்தடியில் ஒரு கல், பிறகு பலகைக் கொட்டகை, பிறகு தகரக் கூரை, காசு சேர்ந்தால் சிமெண்டுக் கோபுரம். எல்லாம் தோட்ட நிர்வாகம் வாய்வார்த்தையாகக் கொடுத்த இடத்தில்தான். கோபுரம் எழுந்த பிறகும் நிலப் பத்திரமான கிராண்டு கம்பெனியின் பெயரில்தான் இருக்கும். இது பின்னால் பெரிய வம்பில் கொண்டுபோய் விட்டது. 2007 அக்டோபரில் ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டதும், நவம்பர் 25 அன்று கோலாலம்பூர்த் தெருக்களில் ஆயிரக்கணக்கான தமிழர் திரண்டதும் அடுத்தடுத்து நடந்தவை.

◆ திருவிழாச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? சம்பளத்திலிருந்து. மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு என்று ஆபீஸ் எழுத்தரான கிராணியே பிடித்துக் கோயில் கணக்கில் சேர்ப்பது பல தோட்டங்களில் வழக்கம். தொழிற்சங்கச் சந்தா கட்டத் தயங்கியவர்கூட அம்மனுக்குப் பிடிப்பதை மறுக்க மாட்டார். கூடவே ஒவ்வொரு நாள் உபயமும் ஒரு குழுவுக்கு: பால் வெட்டுகிறவர்கள் ஒரு நாள், ஸ்டோர்க்காரர்கள் ஒரு நாள், லோரி ஓட்டுநர்கள் ஒரு நாள், வெளிக்காட்டு ஆட்கள் ஒரு நாள். கடைத்தெருச் சீன முதலாளி சர்க்கரை மூட்டை தருவார், வருஷம் முழுக்க நம் ஆட்களின் கடன் புத்தகம் அவரிடம்தானே.

இரவு பூசை முடிந்ததும் மைக்கில் நன்கொடைப் பட்டியல் வாசிப்பார்கள். "பத்தாம் நம்பர் லயம், இன்னார் குடும்பத்தார், இருபது வெள்ளி." இருபது என்பதை வாசிப்பவர் சற்று இழுத்துச் சொல்வார். அடுத்த பெயர் ஐம்பது என்றால் கூட்டம் திரும்பிப் பார்க்கும். ஒரு குடும்பத்தின் நிலைமை இந்த வருஷம் எப்படி என்பதை ஊருக்குச் சொல்லும் அறிக்கை இதுதான். பட்டியலில் பெயர் விட்டுப் போனால் வரும் சண்டை அடுத்த வருஷம் வரைக்கும் நீளும்.

◆ தோட்டத்துத் துரையும் திருவிழாவுக்கு வருவார். நாற்காலி போட்டு, மாலை போட்டு, தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். வெள்ளைக்காரர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் திருநீறு வாங்குவது பிள்ளைகளுக்கு வேடிக்கை. மரியாதைதான், ஆனால் வெறும் மரியாதை மட்டுமில்லை. அம்மன் எல்லைக்குள் வந்தால் துரையும் குனிய வேண்டும் என்பதை ஊரே கூடிப் பார்க்கிற நேரம் அது. மற்ற நாட்களில் கதை வேறு. 1941இல் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் ஆர். எச். நாதன் தலைமையில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று: துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தை எடுக்க வேண்டும்.

◆ சாமி வந்து ஆடுவதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது சுலபம். அதன் இன்னொரு வேலையைப் பாருங்கள். வருஷம் முழுக்கக் குரல் உயர்த்தாத பெண் கரகத்தின் முன் ஆடும்போது கங்காணியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். "என் வீட்டுல விளக்கு எரியலை, உன் வீட்டுல சாராயம் ஓடுது" என்பாள். கேட்பவர் கை கட்டி நின்று "தப்புதான் தாயே" என்றாக வேண்டும். எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு நகர்ந்தாக வேண்டும். ஆபீஸில் புகார் கொடுத்திருந்தால் அவள் வேலை போயிருக்கும்.

◆ முதல் மரியாதை யாருக்கு? இந்தக் கேள்வியால் நின்றுபோன திருவிழாக்கள் உண்டு. கப்பலில் சாமி மட்டும் வரவில்லை, சாதியும் வந்தது. சில தோட்டங்களில் லயமே சாதிவாரியாகப் பிரிந்திருந்தது. கோயிலும் இரண்டாக இருந்தது, அல்லது ஒரே கோயிலில் சிலர் வெளியே நின்றார்கள். கரகம் எந்த லயத்துக்கு முதலில் போகும், எந்த லயத்துக்குப் போகவே போகாது என்பது எல்லோருக்கும் தெரிந்த, யாரும் எழுதி வைக்காத சட்டம். திருவிழா ஊரை ஒன்றுசேர்க்கும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

பெரியார் 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்தார், 1954இல் மறுபடியும் வந்தார். சீர்திருத்தக்காரர்கள் அலகுக் காவடியையும் தீமிதியையும் ஆட்டு வெட்டையும் கடுமையாகச் சாடினார்கள். 1935இல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி வேறொரு வழி கண்டார். சாதி, மதம், கோயில் தகராறு எதுவும் ஒட்டாத ஒரு விழா வேண்டும் என்று பொங்கலைப் பிடித்துக்கொண்டார். 1952இல் தொடங்கிய தமிழர் திருநாள் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பேச்சுப் போட்டி, நாடகம், விளையாட்டு என்று பரவியது. கோயிலில் முன் வரிசை கிடைக்காதவர்கள் பலர் இந்த மேடையில்தான் முதன்முதலில் மைக் பிடித்தார்கள் என்பது என் எண்ணம்.

◆ பொங்கல் பானை காஹாங்கில் எத்தனை மணிக்குப் பொங்க வேண்டும்? ஜனவரி நடுவில் அங்கே சூரியன் எழ ஏழேகால் வாக்கில் ஆகிவிடும். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளி வைத்தது, அதனால் வந்த தாமதம் இது. 1981 பொங்கலில் ஆறே முக்காலுக்கு வந்த சூரியன் அடுத்த பொங்கலில் ஏழேகாலுக்கு வந்தான். பள்ளிக்கூடப் பஸ்ஸும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டும் காத்திருக்கவா போகின்றன? விடிவதற்குள் பொங்கி முடிக்கும் வீடுகளே அதிகம். சூரியன் வந்து பார்க்கும்போது சட்டியில் மிச்சம்தான் இருக்கும்.

◆ தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். கிழக்கு ஜொகூரில் தை மாதம் வடகிழக்குப் பருவமழையின் வால் பகுதி. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை வெள்ளம் புரட்டிப் போட்டபோது பொங்கல் வந்த வாரம் பலருக்கு நிவாரண முகாமில் போயிற்று. வழி பிறப்பது இருக்கட்டும், ரோடு தெரிந்தால் போதும் என்ற நிலை.

◆ அறுவடைத் திருநாளைக் கொண்டாடும் மலேசியத் தமிழரில் பெரும்பாலோர் மூன்று தலைமுறையாக நெல் அறுத்ததே இல்லை. பால் வெட்டினார்கள், செம்பனைக் குலை தள்ளினார்கள். ஆனால் காஹாங்கில் நெல் உண்டு. ரசாயன உரம் போடாமல் நெல் விளைவிக்கும் பண்ணை ஒன்று அங்கே பெயர் வாங்கியிருக்கிறது, ஊர் சுற்ற வருகிறவர்கள் பார்க்கிற இடமாகவும் ஆகிவிட்டது. நடத்துகிறவர்கள் சீனர்கள். நம் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் போய் நெற்கதிரை முதல்முறை தொட்டுப் பார்க்க அது உதவும்.

◆ வேம்பு மலாயா மண்ணின் மரமல்ல. ஆனால் பழைய தோட்டக் கோயில் எதுவானாலும் பக்கத்தில் ஒரு வேப்பமரம் நிற்கும். அம்மை கண்ட வீட்டு வாசலில் செருக இலை வேண்டும், காப்புக் கட்ட வேண்டும், கரகத்துக்கு வேண்டும், கூழ் வார்க்கும் பானையின் கழுத்தில் கட்ட வேண்டும். மலாய்க்காரர்கள் இதை செமம்பு என்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் அம்மை போட்ட பிள்ளையைக் குளிப்பாட்ட இந்த இலைதான். அதனால் கோயில் மரத்தில் இலை பறிக்க மலாய்ப் பெண்மணி ஒருவர் வந்து கேட்பதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை.

மலாக்காவில், காஜா பெராங் பகுதியில், பல தலைமுறைகளாக மலாய் பேசும் மலாக்கா செட்டிகள் தங்கள் முத்துமாரியம்மன் கோயில் திருவிழாவை டத்தோ சச்சார் திருவிழா என்றே அழைக்கிறார்கள். சச்சார் என்றால் அம்மை. பெரியம்மை ஒழிந்துவிட்டதென்று உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்துவிட்டது. மாரியம்மன் அதற்காக ஓய்வு பெறவில்லை. மழை, பிள்ளைவரம், எஸ்பிஎம் தேர்வு என்று வேலை மாறிக்கொண்டது.

◆ தீமிதிக்கு என்ன விறகு? சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் 1840 முதல் தீமிதி நடக்கிறது, அங்கே விறகை விலைக்கு வாங்கித்தான் ஆக வேண்டும். தோட்டத்தில் பால்மரம் இருந்த காலத்தில் அந்தக் கவலையே இல்லை. பால் வற்றி, மறுநடவுக்காக வெட்டிச் சாய்த்த கிழட்டு மரங்களில் நாலைந்தை நிர்வாகமே விட்டுக்கொடுக்கும். காய்ந்த பால்மரக் கட்டை நின்று எரியும், தணல் கட்டும். மதியம் அடுக்கிக் கொளுத்தினால் மாலையில் நீளக் கழி கொண்டு தட்டிப் பரப்பலாம். கட்டை ஒன்று பாதி வெந்தும் வேகாமலும் கிடந்தால் அதுதான் காலைப் பதம் பார்க்கும். ஆகவே தட்டுகிறவர் ஒவ்வொரு கட்டையாகப் புரட்டி, கரிந்த முனையை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டே வருவார், முகம் சுடாமலிருக்க ஈரத்துண்டு கட்டிக்கொண்டு. குழியின் முடிவில் பால் ஊற்றிய பள்ளம்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைத் தண்டு தண்ணீர் கோத்த பஞ்சு மாதிரி, புகையும், தணல் கட்டாது. நாலு பக்கமும் மரம் சூழ்ந்த கோயிலுக்கு விறகு லோரியில் வருகிறது இப்போது.

◆ காப்புக் கட்டிய நாளிலிருந்து வீட்டில் மீன் இல்லை, கோழி இல்லை. அம்மன் மலையேறிய மறுநாள் முனியாண்டிக்குப் படையல். கெடா வெட்டு, சுருட்டு, பாட்டில். ஒரே கோயில் வளாகம், இரண்டு சமையல்கட்டு. அம்மன் பந்தியில் பருப்பும் அப்பளமும் பரிமாறிய அதே அண்ணன்கள் முனியாண்டி பந்தியில் எலும்பு பார்த்துப் போடுவார்கள்.

◆ சொந்தக்காரர்கள் வேறு தோட்டங்களிலிருந்து வந்து இறங்கினால் கல்யாணப் பேச்சும் வந்துவிடும். பால்குடம் எடுக்கும் வரிசையில் எந்தப் பெண் யார் வீட்டுப் பெண் என்று அத்தைகள் விசாரிப்பார்கள். தரகர் கமிஷன் மிச்சம்.

◆ திருவிழா இரவு என்ன பார்த்தார்கள்? இலங்கை மலையகத் தோட்டங்களில் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு மூன்றும் இன்னும் மூச்சோடு இருக்கின்றன. மாசியில் காமன் நடுவது அங்கே லயத்துக்கே தனிப் பெருமை. மலேசியாவில் சினிமா சீக்கிரமே புகுந்துவிட்டது. பெரட்டுக் களத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள், துணிக்குப் பின்பக்கம் உட்கார்ந்தவர்கள் எல்லோரையும் இடக்கைக்காரராகப் பார்ப்பார்கள். ரீல் மாற்றும் இடைவெளியில் கச்சான் விற்பனை.

இன்றைக்கு இடத்தைப் பிடித்திருப்பது உறுமி மேளம். பக்கத்து ஊர்ப் பையன்கள் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறார்கள். முன்பு ஊருக்குள் சண்டை என்றால் பெயர் அடிபடும் பையன்கள்தான், ஒரு மேளத்தைத் தூக்கிய பிறகு ஏழு மணிக்கு ஒத்திகைக்கு வருகிறார்கள். அடிக்கும் பாட்டு சாமிப் பாட்டா, சினிமாப் பாட்டா என்று தைப்பூசத்துக்குத் தைப்பூசம் பெரியவர்கள் எச்சரிக்கை விடுவதும், பையன்கள் மெட்டை மட்டும் வைத்துக்கொண்டு வார்த்தையை மாற்றுவதும் நடந்துகொண்டே இருக்கிறது. எனக்கென்னவோ பையன்கள் பக்கம்தான் சாய்கிறது.

◆ பங்குனி உத்திரத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து பஸ் கட்டிக்கொண்டு பகாங் மாநிலத்து மாரான் மரத்தாண்டவர் கோயிலுக்குப் போவதுண்டு. ரோடு போடும்போது வெட்ட முடியாமல் போன மரத்தில் முருகன் இருக்கிறான் என்பது தலபுராணம். பஸ்ஸுக்குப் பணம் வசூலிப்பவர்தான் பெரும்பாலும் தோட்டக் கோயிலின் அடுத்த தலைவர்.

◆ ஊர் ஏன் காலியானது? சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பின. லயத்தோடு சேர்த்து ஆட்களையும் கிளப்பின. இதைத் தடுக்க துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு 100 வெள்ளி, மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாகப் போய் அவரே கேட்டார். 1961இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. எல்லாத் தோட்டத்தையும் வாங்க முடியுமா? ரப்பர் செம்பனையானது, ஆள் தேவை குறைந்தது, பிள்ளைகள் ஜொகூர் பாரு, பாசிர் கூடாங், சிங்கப்பூர் என்று பிழைப்புத் தேடிப் போனார்கள். குலை வெட்டும் வேலைக்கு இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் வந்தார்கள். கோயில் தலைவரின் வீடு இப்போது டவுனில், அர்ச்சகர் வாரத்துக்கு ஒருமுறை மோட்டார் சைக்கிளில் வருகிறார்.

◆ அரசியல்வாதி இல்லாத திருவிழா உண்டா? காஹாங் என்ற பெயரில் ஜொகூர்ச் சட்டமன்றத் தொகுதியே இருக்கிறது, ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) நிற்கும் தொகுதி. அட்டையில் பெரிதாக எழுதிய காசோலையைக் கையில் பிடித்துக்கொண்டு எடுக்கும் படம் வேறு எந்தக் கோயிலையும் போலவே இங்கேயும் அவசியம். கழிவறை கட்டித் தருகிறவருக்கு அந்த வருஷம் பரிவட்டம். துரை இருந்த நாற்காலி காலியாக இருக்கக் கூடாதல்லவா?

◆ தைப்பூசத்துக்கு ஜொகூரில் பொது விடுமுறை உண்டு, மலேசியாவின் எல்லா மாநிலங்களிலும் அப்படி இல்லை. ஆனால் தோட்டத் திருவிழாவுக்கு யார் லீவு விடுவார்? அதனால் தேதி குறிப்பவர்கள் முதலில் எடுப்பது பஞ்சாங்கமல்ல, பள்ளி விடுமுறை அட்டவணை.

இதில் ஒரு பதினோராண்டுக் குழப்பம். 2014 ஜனவரியிலிருந்து ஜொகூர் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வார விடுமுறை வெள்ளி, சனி ஆனது. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் அண்ணன் தம்பிக்கு சனி, ஞாயிறு. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக மிஞ்சியது சனிக்கிழமை ஒன்றே. மூன்று நாள் விழாவை அதற்குள் திணிக்க வேண்டியிருந்தது: வெள்ளி இரவு காப்பு, சனி காலை பால்குடம், மாலை தீமிதி. ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் நீருக்குப் பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போட்டார்கள். 2025 ஜனவரி 1 முதல் ஜொகூர் பழையபடி சனி, ஞாயிறுக்குத் திரும்பியிருக்கிறது. மஞ்சள் நீருக்கு மறுபடி ஞாயிறு கிடைத்திருக்கிறது. ஆனால் காஸ்வேயில் ஞாயிறு மாலை நெரிசல் தெரிந்ததுதான், சிங்கப்பூர்க்காரர்கள் சாப்பாட்டுப் பந்தி முடிந்த கையோடு கிளம்பிவிடுகிறார்கள். வரவு செலவுக் கணக்கு திங்கட்கிழமை வாட்ஸ்அப் குழுவில் வருகிறது.